காப்புக் கையோடு செல்வியைத் தூக்கினேன்

போன ஆடியில் என் மனைவி செல்வியை இழக்க இருந்தேன். மாரியம்மன் காப்பாற்றிக் கொடுத்தாள். எனக்கு அஞ்சாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. நாலு பேர் முன்னால் பேசக் கூச்சப்படுகிறவன். இது பொம்பளைகள் விஷயம் வேறு. ஆனாலும் பக்தர்களிடம் சொல்லாமல் இருக்க மனசு கேட்கவில்லை.

நாங்கள் கரியாலூருக்கு மேலே மலையில் சாமையும் மரவள்ளியும் வைக்கிறவர்கள். ரெண்டாவது பிரசவத்தில் செல்விக்குக் கருத்தடைக்காகக் காப்பர்-டி வைத்தார்கள். ஒரு மாதம் கழித்து வந்து காட்டச் சொன்னார்கள். அப்போது களையெடுப்பு. "அப்பறம் போலாம்" என்று சொன்னவன் நான்தான். போகவே இல்லை.

எங்கள் ஊரில் தீட்டான பெண்கள் ஊர் ஓரத்துக் குடிசையில் தங்குவார்கள். ஆடியில் செல்வி அங்கே போனாள். அஞ்சு நாளில் திரும்ப வேண்டியவள் வரவில்லை. அதற்குள் திருவிழாவுக்கு நான் கையில் காப்புக் கட்டிவிட்டேன். காப்புக் கட்டியவன் அந்தப் பக்கம் போகக் கூடாது. மூத்த மகள்தான் சோறு கொண்டு போவாள். பாதி திரும்பி வரும்.

"அம்மாவுக்கு இன்னாடி?"

"வயிறு வலிக்குதாம்பா. இன்னும் நிக்கலயாம்."

மேலே கேட்க எனக்கு வாய் வரவில்லை.

தினமும் கோயிலில் நின்று அழுதேன். அம்மன் தலையில் பூ வைத்து உத்தரவு கேட்டேன். வலப்பக்கம் விழுந்தால் நல்லது. பூ விழவே இல்லை. "இன்னும் ரெண்டு நாள் பாப்போம்டா" என்றார் பூசாரி பெரியப்பா. பதினேழாம் நாளும் விழவில்லை. "உத்தரவு தரலன்னா வழியாவது காட்டு தாயே" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.

எதிரே கிராம நர்சம்மா தடுப்பூசிப் பெட்டியோடு வந்தார். அப்படிக் கொட்டுகிற மழையில் அவர் மலையேறுவார் என்று யாரும் நினைக்கவில்லை.

"செல்வி எங்கங்க? காப்பர்-டி போட்டுக்கினு ஒரு தடவகூட செக்கப்புக்கு வரலியே?"

தலையைக் குனிந்துகொண்டேன்.

"இன்னாங்க, வாயத் தொறந்து பேசுங்க."

"ரத்தம் போய்க்கினே இருக்குதுங்க. பதினேழு நாளா."

எப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அம்மன்தான் சொல்ல வைத்தாள்.

அவர் குடிசைக்கு ஓடினார். நான் வெளியே நின்றேன். உள்ளேயிருந்து, "ஒடம்பு நெருப்பா கொதிக்குது, தூக்கியாங்க" என்று கூப்பிட்டார். உள்ளே போனேன். செல்வி பாதிக் கண்ணைத் திறந்து, "தொடாதீங்க, கையில காப்பு கீது" என்றாள். உயிர் போகிற நேரத்தில் அவளுக்கு அந்தக் கவலை. நான் தூக்கிவிட்டேன். மூட்டை தூக்குகிறவன் நான். அவளிடம் கனமே இல்லை.

ஜீப்பில் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டு போனோம். ஸ்கேன் எடுத்தார்கள். காப்பர்-டி நகர்ந்து கர்ப்பப்பைச் சுவரில் குத்தி நின்றது. கிருமியும் சேர்ந்திருந்தது. ரத்தம் ஏற்றி, ஆபரேஷன் செய்து எடுத்தார்கள்.

டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. "நெறைய பேர் எந்தத் தொந்தரவும் இல்லாம வச்சிருக்காங்க. இப்படி ஆவறது ரொம்பக் கம்மி. ஆனா ரத்தம் ஜாஸ்தியானா, வலியோ காய்ச்சலோ வந்தா, காப்பர்-டி நூல் கைக்குத் தட்டுப்படலன்னா, ஒடனே வந்துடணும்" என்றார்.

ஊருக்குத் திரும்பியதும் பயந்துகொண்டே பூசாரி பெரியப்பாவிடம் போனேன். "காப்போட தீட்டுக் குடிசைக்குள்ள போயிட்டேன். அம்மன் கோச்சிக்குமா?"

"தூக்கிக்கினு போவும்போது என்னைக் கேட்டியா? இப்ப மட்டும் இன்னாத்துக்குக் கேக்குற?" என்று சிரித்து, நெற்றியில் திருநீறு பூசிவிட்டார்.

இப்போது செல்வி அந்த நாட்களில் வீட்டிலேயே இருக்கிறாள். காப்பர்-டி என்றால் பயப்படுகிற பெண்களிடம், "பயப்படாதீங்க, செக்கப்ப மட்டும் வுட்டுடாதீங்க" என்று அவளே சொல்கிறாள்.

அம்மனை நம்புங்கள். மனசில் இருப்பதையெல்லாம் அவளிடம் கொட்டுங்கள். கொட்டிவிட்டு வீட்டுக்குப் போய், "ஒடம்பு எப்படி கீது?" என்று மனைவியைக் கேளுங்கள். பதினேழு நாளும் நான் அவளிடம் கேட்க வேண்டியதை அம்மனிடமே கேட்டுக்கொண்டிருந்தேன். தாய் பொறுத்துக்கொண்டாள். செல்வியும் பொறுத்துக்கொண்டாள்.