பந்தலுக்குப் போட்ட வெளிச்சம்

ஆண் பூவைக் காம்போடு கிள்ளி, நூல் நூலாகத் தொங்கும் வெள்ளை இதழ்களைப் பிய்த்துப் போட்டுவிட்டு, நடுவிலிருக்கும் மஞ்சள் தூளைப் பெண் பூவின் வாயில் தடவுகிறார் ஜெயபாரதி. "இந்தா, வாங்கிக்க. ஒனக்கும் நாந்தான் வரணும்னு ஆகிப்போச்சு." அடுத்த பூ. அதற்கும் ஒரு திட்டு. பாபநாசத்துக்கு அருகே, குடமுருட்டிப் படுகையில் குத்தகைக்கு எடுத்த அரை ஏக்கர் புடலைப் பந்தலின் கீழ், தினமும் பொழுது சாய்ந்ததும் அண்ணாந்தபடி இதே வேலை. புடவைக்கு மேல் கணவரின் முழுக்கைச் சட்டை. தலையில் பூ வைப்பதில்லை. "மல்லிய வச்சுக்கிட்டு இங்க நின்னா, பூச்சி எம் மண்டைக்கு வருமா, பூவுக்குப் போகுமா?" பூச்சி வந்துகொண்டிருந்தபோது ஏற்பட்ட பழக்கம் அது.

மாசியில் பந்தல் வேலியை ஒட்டிய சாலையோரம் உயர்கோபுர விளக்கு நட்டார்கள். ஒரே கம்பத்தின் உச்சியில் ஆறு விளக்குகள். திறப்பு விழாவில் ஜெயபாரதியும் கைதட்டினார். மகள் குந்தவை, கல்லூரி முடிந்து ஏழு மணிப் பேருந்தில் இறங்கி அந்தச் சாலையில்தான் நடந்து வருவாள். பத்தே நாளில் பந்தலில் பிஞ்சுகள் மஞ்சளாகி உதிரத் தொடங்கின. உரக்கடையில் ஒரு மருந்தைப் பரிந்துரைத்தார்கள். வாங்காமல் திரும்பியவர் அன்று மாலை மேலே பார்த்தார். பந்தலுக்கு வரவேண்டிய அந்துப்பூச்சிகள் மொத்தமும் விளக்கைச் சுற்றிக்கொண்டிருந்தன. விடிந்ததும் கம்பத்தடியில் செத்துக் கிடந்தவற்றைக் கூட்டி அள்ளி, ஊராட்சித் தலைவர் குணசேகரனின் மேசையில் கொட்டினார்.

"பூச்சி செத்தா நல்லதுதானேங்க? மருந்துச் செலவு மிச்சம்" என்று சிரித்தார் தலைவர்.

"நீங்க நெல்லு போடுறவரு. நெல்லுக்குக் காத்தே போதும், அதான் ஒங்களுக்குத் தெரியல. பூசணியோட மஞ்சப் பூவுக்கு விடியக்காலையில தேனீ வரணும். கத்தரிய அந்த முரட்டுக் கருவண்டு புடிச்சு உலுக்குனாத்தான் தூள் கொட்டும். செவப்புன்னா தேன்சிட்டு எங்கேருந்தாலும் வந்துரும். வாய்க்காக்கரை எலவ மரத்துக்கு வவ்வா. சேனப்பூ நாறுற நாத்தத்துக்கும் ஈ வருதுல்ல? பொடலை பொழுது போயித்தான் விரியும். இருட்டுல தெரியணும்னுதான் வெள்ளையா இருக்கு, வாசனை விடுது. நீங்க அதவிடப் பெரிய வெள்ளையத் தூக்கிக் காட்டுனா, பூச்சி எங்கங்க போகும்?"

"அதுக்காக வெளக்க அணைக்கச் சொல்றீங்களா? பொம்பளப் புள்ளைங்க நடக்குற ரோடு."

அந்தக் கேள்விதான் ஜெயபாரதியைச் சுட்டது. இன்றும் அதைச் சொல்லும்போது குரல் ஏறிவிடுகிறது. "எம் பொண்ணும் அதுலதாங்க வருது! அணைக்கச் சொன்னனா? ஆறுல ரெண்டு லைட்டு நேரா எம் பந்தல்ல வந்து விழுது. ரோட்டுக்குப் போட்டீங்களா, பந்தலுக்குப் போட்டீங்களா?"

ஒன்றிய அலுவலகத்தில் மனு கொடுத்தார். மூன்று வாரம் கழித்து, 'பூச்சிகள் வராதது குறித்த புகார் இவ்வலுவலகத்தைச் சார்ந்ததல்ல' என்று ஒரு வரியில் பதில் வந்தது. தேநீர்க் கடையில் நின்று அதை எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டினார். அதற்குள் கையாலேயே பூவுக்குப் பூ சேர்க்கத் தொடங்கியிருந்தார். முந்நூறு பூ விரிந்தால் நூற்றுக்குத்தான் அவர் கை எட்டும். மற்றவை உதிரும். கழுத்தில் வலிக்கான பிளாஸ்திரி ஏறியது.

பிறகு ஒரு விளக்கு பழுதாகி, மின்பணியாளர் ஹாஜா மைதீன் கம்பத்தில் விளக்குகள் மாட்டியிருந்த வளையத்தைக் கீழே இறக்கினார். ஜெயபாரதி போய் எதிரில் நின்றார்.

"மேல கேக்காம எதையும் கழட்ட முடியாதுக்கா."

"கழட்டாத தம்பி. அந்த ரெண்டையும் ரோட்டப் பாத்துத் திருப்பு."

"திருப்பத்தானே? அது என் வேலைதான்க்கா." திருகாணியைத் தளர்த்தினார், திருப்பினார், முடுக்கினார்.

நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் ஜெயபாரதிக்கு ஆத்திரம் பொங்கியது. "அஞ்சு நிமிஷம்! அஞ்சு நிமிஷ வேலைக்கா என்னை இப்புடி அலையவிட்டானுவொ?" கண்ணில் நீர் வந்துவிட்டது. மறுநாளிலிருந்து பந்தலின் மேற்குப் பக்கத்துக்குப் பூச்சி திரும்பியது. கம்பத்தை ஒட்டிய கிழக்குப் பக்கத்துக்கு இன்னும் அவர் கைதான்.

போன வாரம் மாலை, 'கோரிக்கை நிறைவேற்றம்' என்று வாட்ஸ்அப்பில் போடுவதற்காகக் குணசேகரனே படம் எடுக்க வந்தார். "பூவப் புடிச்சுக்கிட்டுச் சிரிங்க" என்று செல்போனின் விளக்கைப் போட்டார். ஜெயபாரதியின் தோளருகே ஒரு பூவின் முன் அந்துப்பூச்சி ஒன்று சிறகடித்து நின்றது. அவர் சிரிக்கவில்லை. இரண்டு எட்டு முன்னால் வைத்து, மகரந்தம் ஒட்டியிருந்த உள்ளங்கையால் அந்த வெளிச்சத்தைப் பொத்தினார்.