பதினெட்டாயிரம் சைக்கிள்

கல்யாணமான முதல் மாதம் முழுக்க, என் வீட்டுக்காரருக்கு என்னைப் பிடிக்கவில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டார். முதுகுக்குப் பின்னால் நின்று பேசினால் அசைய மாட்டார். எதிரே போய் நின்றால் மட்டும் முகமெல்லாம் மலர்ந்து, தெருவுக்கே கேட்கும்படி, "இன்னாமே?" என்பார். அந்தச் சத்தத்தைக் கோபம் என்று எடுத்துக்கொண்டு நான் இரண்டு தடவை அழுதும் தொலைத்தேன்.

அவர் திருப்பதிப் பக்கத்து ஊரான நகரியில் விசைத்தறி ஓட்டுகிறவர். ஒருநாள் சாப்பாடு எடுத்துக்கொண்டு முதல்முறையாகத் தறிக் கொட்டகைக்குள் போனேன். வாசலிலேயே நின்றுவிட்டேன். சத்தம் காதில் கேட்கவில்லை, நெஞ்சில் இடித்தது. கையிலிருந்த தூக்குச்சட்டி நடுங்கியது. அந்த இரைச்சலுக்கு நடுவில் அவரும், கொட்டகையின் மறு கோடியில் நின்ற இன்னொரு தறிக்காரரும் வாயை மட்டும் அசைத்து, நிம்மதியாகக் கதை பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. இவருக்கு என்னைப் பிடிக்காமல் இல்லை, காதுதான் மந்தம்! வீடு வரைக்கும் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் எதிரே நிறுத்திச் சொன்னேன். "எனக்கா? எனக்கு நல்லாத்தான் கேக்குது. நீதான் முணுமுணுன்னு பேசிக்கினு கீறே" என்று முடித்துவிட்டார்.

ஆந்திரா தனி ராஜ்யமாகிச் சில காலம் ஆகியிருந்தது. நகரி ஆந்திராவிலேயே இருக்குமா, மதராஸோடு போகுமா என்று பஸ்ஸிலும் கடையிலும் பேச்சாகக் கிடந்தது. அந்தச் சமயத்தில்தான் நாங்கள் திருமலைக்குப் போனோம். தரிசனம் முடித்துக் கீழே இறங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்கிய இடம் ஒரு காலேஜ். உள்ளே விஞ்ஞானக் கண்காட்சி, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்றார்கள். ஈரப் புடவையோடு கூட்டத்தில் போய் நின்றேன்.

மேடையில் பௌதிக வாத்தியார் ஒருவர் நின்றார். மேஜைமேல் முள் வைத்த ஒரு பெட்டியும் ஒரு ஒலிபெருக்கியும் இருந்தன. பெட்டியின் குமிழைத் திருகினால் சத்தம் மேலே மேலே ஏறும். "வினபடிதே செய்யி எத்தண்டி. கேக்கிற வரைக்கும் கை தூக்கியே இருக்கணும், கேக்கலைன்னா இறக்கிடுங்க" என்று தெலுங்கு, தமிழ் இரண்டு பாஷையிலும் சொன்னார்.

முதலில் எருமை உறுமுவதுபோல ஒன்று வந்தது. எல்லாக் கையும் மேலே. பிறகு சங்கு, புல்லாங்குழல், விசில் என்று ஏறிக்கொண்டே போனது. விசிலைத் தாண்டுவதற்கு முன்பே ஒரே ஒரு கை இறங்கியது. என் வீட்டுக்காரருடையது. சுற்றிலும் தூக்கிய கைகளைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார், நழுவி மேடை ஓரத்து ஜன்னலண்டை போய் நின்றுகொண்டார். எனக்குச் சுருக்கென்றது.

"பத்தாயிரம் சைக்கிள்" என்றார் வாத்தியார். வயசானவர்கள் கை இறங்கின. ஒரு நொடிக்கு எத்தனை அதிர்வு என்பதற்கு அப்போது சைக்கிள் என்றுதான் பெயர். எனக்கென்ன தெரியும்? பக்கத்திலிருந்த அம்மாளிடம், "திருப்பதியில அவ்ளோ சைக்கிளா கீது?" என்று கேட்டுவிட்டேன். சுற்றி இருந்தவர்கள் குலுங்கிச் சிரித்தார்கள்.

பதினாறாயிரத்தில் நாலைந்து மாணவர்கள் மிஞ்சினார்கள். பதினெட்டாயிரத்தில் நான் மட்டும். சத்தம் என்றுகூட அதைச் சொல்ல முடியாது. பல்லிடுக்கில் மெல்லிய ஊசி நுழைவதுபோல இருந்தது. "மதராஸுக்கு ஒரு ஓட்டு!" என்று யாரோ கத்த, கூடம் அதிர்ந்தது.

எனக்கு நிஜமாகவே கேட்கிறதா என்று வாத்தியாருக்குச் சந்தேகம். என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, மேஜைக்குப் பின்னாலிருந்த பியூன் பக்கம் திரும்பி வாயை மட்டும் அசைத்தார். உடனே ஜன்னலிலிருந்து தறிச் சத்தத்தில் பழகிய குரல் முழங்கியது:

"ஏமே! ஆப் பண்ணச் சொல்றார்! கையை எறக்கு!"

கூடமே சிரிப்பில் உருண்டது. வாத்தியார் அசந்துபோனார். "நான் சத்தமே போடலையே! உங்களுக்கு எப்படிக் கேட்டுச்சு?"

"கேக்கல சார்," என்றார் இவர். கொஞ்சம் தயங்கினார். "எனக்குக் காது கேக்காது சார். வாயைப் பாத்தேன்."

அத்தனை பேர் முன்னால் அதைச் சொன்னார். வீட்டில் என்னிடம் சொல்லாததை.

வாத்தியார் அவரைச் சுவரைப் பார்த்து நிற்கவைத்து, எனக்குப் பரீட்சையை மறுபடி நடத்தினார். போட்டார், அணைத்தார். என் கை தப்பவே இல்லை. பத்தொன்பதாயிரத்துக்குக் கொஞ்சம் மேலே எல்லாம் நின்றது. முள் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது, எனக்கு ஒன்றுமில்லை. "இனிமே நாய்க்கும் வௌவாலுக்கும்தான்மா" என்றார்.

அடுத்தது இவர் முறை. வாத்தியார் கூடத்தின் கடைசிக்குப் போய் வாயசைத்தார். இவர் தெலுங்கில் ஒன்றும் தமிழில் ஒன்றுமாகச் சரியாகச் சொன்னார், ஜனம் கைதட்டியது. மூன்றாவதாக வந்ததை, "எங்க அப்பா சமையல் நல்லா இருக்கும்!" என்று முழங்கினார். வாத்தியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். அவர் சொன்னது அம்மா. "அம்மாவுக்கும் அப்பாவுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடும். அது உங்க கண்ணோட எல்லை" என்றார். பிறகு பக்கத்தில் வந்து, நேரே முகம் பார்த்து நிதானமாகச் சொன்னார்: "போனது திரும்பாது. தறியண்டை நிக்கும்போது காதுல பஞ்சு வைங்க. இருக்கிறது மிஞ்சும்."

வைத்தார். தறிக்காரர்கள் கேலி செய்தார்கள், ஒரு வருஷத்தில் பாதிப் பேர் காதில் பஞ்சு இருந்தது. நகரி ஆந்திராவிலேயே இருந்துவிட்டது. நான் எது பேசினாலும் எதிரே போய் நின்று பேசக் கற்றுக்கொண்டேன்.

ஆனால் அன்று சாயங்காலம் ரயிலில் நடந்ததைச் சொல்லாமல் முடியாது. பெட்டியில் நிற்க இடமில்லை. சக்கரச் சத்தத்தில் யார் பேசினாலும் யாருக்கும் கேட்காது. எதிர் வரிசையில் அவர், இந்தப் பக்கம் நான். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். உதட்டை மட்டும் அசைத்து, புதுப் பெண்டாட்டி புருஷனிடம் தனியாக மட்டுமே சொல்லக்கூடிய ஒன்றை, அத்தனை ஜனத்துக்கு நடுவில் சொன்னேன். அவர் காது நுனி வரை சிவந்தார். நான் விடாமல் இன்னொன்றும் சொன்னேன்.

அவர் பக்கத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவளுக்கு. என்னைப் பார்த்து, சத்தமில்லாமல், உதட்டை மட்டும் அசைத்தாள்:

"நாங்களும் தறிக்காரங்கதாம்மே."