அத்தான் வாங்கிய போர் விமானம்

என் அக்கா புஷ்பராணியின் கணவர் ஆனந்தராசா ஒரு போர் விமானம் வாங்கினார். டோர்வல் விமான நிலையத்தில் என்னோடு பெட்டி ஏற்றி இறக்கும் பொடியன்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். கார்ட்டியர்வில்லில் டெப்பனர் என்கிற மூலைக்கடை வைத்து, பாலும் பியரும் லொத்தர் ரிக்கற்றும் விற்கிற ஒரு யாழ்ப்பாணத்து மனிதர் போர் விமானம் வாங்குவாரா? வாங்கினார். அதனால்தான் எனக்கு இன்னமும் வயிறு எரிகிறது.

அது இரண்டாம் உலக யுத்தத்து ஹரிகேன். யுத்தம் முடிந்ததும் இங்கே அவற்றைப் பழைய இரும்பு விலைக்குத் தள்ளிவிட்டார்களாம். மேற்கே பண்ணைக்காரர்கள் வாங்கி, சில்லைக் கழற்றித் தங்கள் வண்டிகளுக்குப் பூட்டிக்கொண்டு மிச்சத்தைக் காணி மூலையில் எறிந்துவிட்டார்கள். அப்படி எறிந்த ஒன்றை இரண்டாயிரமாம் ஆண்டு அத்தான் லொறியில் ஏற்றி வந்து, ஆற்றின் தெற்குக் கரையில் ஒரு சின்ன விமானத் திடலில் கொட்டகை வாடகைக்கு எடுத்து இறக்கினார். நான் போய்ப் பார்த்தேன். துருப்பிடித்த குழாய்க் கூடு. அதற்குள் ஏதோ பறவை கூடு கட்டி, குஞ்சு பொரித்து, அதுவும் விட்டுவிட்டுப் போயிருந்தது.

"என்ன அத்தான் இது?"

"பறக்கும்," என்றார்.

எனக்கு விமானத்தில் மோகம் கிடையாது. நாள் முழுக்க அதன் வயிற்றுக்குள் குனிந்து நின்று பெட்டி அடுக்குகிறவனுக்கு மோகம் எங்கிருந்து வரும்? அதுவும் எங்கள் ஆட்களுக்கு. வானத்தில் ஒரு இரைச்சல் கேட்டால் பதுங்குகுழிக்கு ஓடிய சனம் நாங்கள். ஊரில் எது பறந்தாலும் அது குண்டு போடுகிற பொம்மர்தான். அத்தானுடைய விமானத்தையும் கடைக்கு வருகிறவர்கள் பொம்மர் என்றே சொன்னார்கள். "அது பொம்மர் இல்லை, பைட்டர்," என்று மனிதர் ஒவ்வொருவருக்கும் விளக்குவார். கேட்கிறவர்கள் தலையாட்டிவிட்டு, "பொம்மர் எப்ப அண்ணை பறக்கும்?" என்பார்கள்.

ஒருநாள் கொட்டகையில் வைத்துக் கேட்டேவிட்டேன். எங்களில் ஒருவருக்கு ஏன் இந்த விசர்?

அவர் ஒரு குழாயைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நிறுத்தாமலே சொன்னார். "தொண்ணூறில கொக்குவில்ல வாய்க்காலுக்குள்ள கிடந்தனான், மச்சான். அவன் பதிஞ்சு பதிஞ்சு வந்து அடிக்கிறான். எனக்கு மூத்திரம் போயிட்டுது. கலியாணம் கட்டின ஆம்பிளை. மேல இருந்தவனுக்கு நான் ஒரு எறும்பு. அண்டைக்கு நினைச்சனான், ஒருக்கா, ஒரேயொருக்கா, அவன் இருக்கிற இடத்தில இருந்து கீழ பாக்கவேணும் எண்டு."

அவருக்கு வேண்டியது அந்த ஒன்றுதான். ஆகாயத்தில் ஒருமுறை, அந்த ஆசனத்தில்.

ஆனால் அந்த ஒன்றுக்கு வந்த விலை அப்பப்பா! ரொக்ஸ்பரோவில் அக்கா ஆசை ஆசையாக வாங்கிய வீடு முதலில் போனது. பின்வளவில் அவள் வைத்த தக்காளியும் மிளகாயும் காய்க்கிற நேரத்தில் விற்று, கடைக்கு மேலே இருந்த அப்பார்ட்மெண்டுக்கு ஏறினார்கள். அந்த விமானத்தின் பின்பாதி தகடு அல்ல, துணி. சட்டத்தின்மேல் துணியைத் தைத்து இழுத்து, பசை பூசிக் காயவைக்க வேண்டும். அதற்கென்று ஒரு தனித் துணி சீமையிலிருந்து வந்து இறங்கியது. அக்கா அதைத் தொட்டுப் பார்த்தாள்.

"எனக்குக் கலியாணக் கூறைக்குப் பிறகு உருப்படியா ஒரு சேலை எடுத்துத் தரேல்லை. உவர் பிளேனுக்குச் சேலை கட்டுறார்."

எஞ்சினைத் திருத்த அமெரிக்காவுக்கு அனுப்பினார். அது திரும்பி வரவும் மகள் தாட்சாயினி வயதுக்கு வரவும் சரியாக இருந்தது. சாமத்தியவீட்டுக்கு மண்டபம் பேசி, கார்ட் அடித்து, கொழும்பிலிருந்து நகை கூட வந்துவிட்டது. அத்தான் எல்லாவற்றையும் நிறுத்தினார். எஞ்சின் செலவு முந்திக்கொண்டதாம். தாட்சாயினி, பட்டுச் சேலையும் பூமாலையுமாகச் சனத்துக்கு முன்னால் இருக்கத் தேவையில்லை என்ற சந்தோஷத்தில், "மெர்சி பப்பா," என்று பிரெஞ்சில் நன்றி சொல்லிக் கட்டிப்பிடித்தாள். அக்கா குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதாள். இத்தனை வருடம் மற்றவர்கள் வீட்டுச் சடங்குகளுக்குப் போய் அன்பளிப்புக் கொடுத்துவிட்டு வந்தவள், இனி அந்தச் சனத்தின் முகத்தில் எப்படி முழிப்பாள்? நான் அன்று அத்தானோடு சண்டை பிடித்தேன். அவர் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனார். திருப்பிச் சண்டை பிடித்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இரண்டாயிரத்து எட்டு கோடையில் விமானம் முடிந்தது. உண்மையைச் சொன்னால் அழகாகத்தான் இருந்தது. எஞ்சினைத் தட்டி இயக்கியபோது கொட்டகைத் தகரம் முழுக்க நடுங்கியது. நான் ஏசிக்கொண்டே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆனால் அதில் அத்தான் பறக்க முடியாது. ஒரே ஆசனம். பக்கத்தில் ஒருவர் இருந்து சொல்லித்தர இடமே இல்லை. அவரிடம் சின்ன விமானம் ஓட்டுகிற லைசென்ஸ் இருந்தது. அது காணாது, பழைய பயிற்சி விமானங்களில் இன்னும் எத்தனையோ மணித்தியாலம் ஓட்டிவிட்டு வா, அதுவரை காப்புறுதிப் பத்திரத்தில் உன் பெயரை எழுத மாட்டோம் என்று காப்புறுதிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். அதற்கு இன்னொரு வீடு விற்க வேண்டும். அக்காவிடம் இன்னொரு வீடு இல்லை. எழுதிய பெயர் மார்செலுடையது. பெரிய விமானங்கள் ஓட்டி ஓய்வு பெற்ற கிழவர். வார இறுதிகளில் சம்பளம் வாங்காமல் வந்து உதவி செய்த நல்ல மனிதர்.

மார்செல் விமானத்தோடு எழும்பினார். திடலைச் சுற்றினார். எல்லோரும் கைதட்டினார்கள். இறங்கி வந்து அத்தானைக் கட்டிப்பிடித்து, கண் கலங்க மெர்சி, மெர்சி என்று சொன்னார். அத்தான் சிரித்தார். திரும்பும்போது கார் பாலத்தில் ஏறியதும் கண்ணாடியை இறக்கினார்.

"என்ர காசில அவன் பாத்திட்டு வாறான்," என்றார். பிறகு, "நல்ல மனிசன்," என்றும் சொன்னார்.

அந்த இலையுதிர் காலத்தில் வன்னியில் பொம்மர் அடித்துக்கொண்டிருந்தது. கடைத் தொலைக்காட்சியில் இரவு பகலாக அதுதான். பழைய வாடிக்கையாளர் ஒருவர் பால் போத்தலை மேசையில் திருப்பி வைத்தார். "அங்க பொம்மர் சனத்தைக் கொல்லுது. நீர் இஞ்ச பொம்மருக்குப் பெயின்ற் அடிச்சுக்கொண்டிருக்கிறீர்." அவர் பிறகு வரவில்லை. அவரோடு இன்னும் கொஞ்சப் பேரும் வரவில்லை. அத்தான் அதற்குப் பிறகு பைட்டர் என்று யாருக்கும் விளக்கவில்லை.

குளிர் வருவதற்கு முன் எஞ்சினைச் சூடாக்கி, விமானத்தைத் தரையில் கொஞ்சம் ஓட்டிவிட்டுக் கொட்டகையில் பூட்ட வேண்டும். தரையில் ஓட்டுவதற்கு அத்தானை மார்செல் பழக்கியிருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை மார்செல் வரவில்லை, நான்தான் துணைக்குப் போனேன். அத்தான் விமானத்தை ஓடுபாதையின் அந்தம் வரை உருட்டிக்கொண்டு போனார். திருப்பினார். பிறகு நிற்கவில்லை.

இரைச்சல் ஏறியது. விமானம் என்னை நோக்கி ஓடி வந்தது. வால் தரையைவிட்டு எழும்பியது. "போங்கோ அத்தான்!" என்று கத்தினேன். ஆம், நான்தான் கத்தினேன். அத்தனை வருடம் ஏசியவன். அந்த நேரம் அவர் எழும்பினால் போதும் என்று இருந்தது.

கண்ணாடிக்குள் தெரிந்த தலை திடீரென்று காணாமல் போனது. மாரடைப்பு என்று நினைத்தேன். விமானம் இடப்பக்கம் இழுத்தது, பாதையைவிட்டுப் புல்லுக்குள் இறங்கியது, மூக்கைக் குத்தியது. மூக்கு விசிறி சிதறி மரச் சிராய்கள் என் காலடிவரை வந்து விழுந்தன. நான் ஓடிப்போய் ஏறிப் பார்த்தபோது அவர் உதடு வெடித்து, முழித்தபடி இருந்தார். வேறு காயமில்லை. என்ன நடந்தது என்று கேட்டேன். புறங்கையால் உதட்டு இரத்தத்தைத் துடைத்தார்.

அவர் பெயர் எழுதியிராததால் காப்புறுதி ஒரு சதமும் தரவில்லை. எஞ்சினை மறுபடி முழுக்கப் பிரிக்க வேண்டுமாம். அத்தான் கடை மேசைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். சாப்பிட்டார், கல்லாவில் சில்லறை கொடுத்தார், ஒருவரோடும் பேசவில்லை.

அவரை அந்த நிலையில் பார்க்க முடியாமல் அக்காதான் முதலில் பேசினாள். அவள் அப்படிச் சொல்வாள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

"இஞ்சருங்கோ, திருத்துவம். தாட்சாயினியும் நானும் கடையைப் பாக்கிறம். நீங்கள் அந்தப் பயிற்சிக்குப் போங்கோ. கடன் பட்டெண்டாலும் திருத்துவம்."

அத்தான் கல்லாவை மூடினார்.

"திருத்தி என்ன செய்யிறது, புஷ்பம்?"

"பறக்கத்தானே ஆசைப்பட்டனீங்கள்?"

"வால் எழும்பினது. முன்னுக்கு எல்லாம் வெளிச்சிட்டுது. இன்னும் கொஞ்சம்தான். அப்ப அந்தச் சத்தம்..." அவர் வாயைத் துடைத்தார். "நான் ரெண்டு கையாலயும் காதைப் பொத்திக்கொண்டு குனிஞ்சிட்டன். ஓடுற பிளேனுக்குள்ள இருந்து, பிளேன் வருதெண்டு குனிஞ்சிட்டன்."

அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் கால்சட்டையைத் தடவிப் பார்த்தபடி, எங்களுக்குக் கேட்குமோ கேட்காதோ என்ற குரலில் சொன்னார். "அண்டைக்கு மாதிரியே மூத்திரமும் போனது."

எட்டு வருடம் அந்த மனிதரைத் திட்டியவன் நான். அன்று எழும்பிப் போய், ஒருவரும் உள்ளே வராதபடி கடைக் கதவைச் சாத்தினேன்.