பச்சை டிக்கை நம்பாதவர்

எங்கள் மாடிவீட்டுக்காரருக்குத் தெரு வைத்த பெயர் ரெண்டுதடவை. கதவைப் பூட்டினால் இழுத்துப் பார்ப்பார். இழுத்தோமா என்ற சந்தேகத்தில் பாதித் தெருவிலிருந்து திரும்பி வந்து மறுபடி இழுப்பார். ஒருமுறை குடை வாங்கப் போனவர், அதைக் கடைக்காரர் தலைக்குமேல் விரித்துப் பிடித்து ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார். குடை தேறியது. கடைக்காரருக்கு ஒரு வாரம் ஜலதோஷம்.

பிழைப்பு, கணினிப் பராமரிப்பு. அவர் பார்த்துக்கொள்ளும் பல் மருத்துவமனையில், எக்ஸ்ரே படங்களைச் சேர்த்துவைக்கும் பழைய சர்வர் மண்டையைப் போட்டதும் புதிது வாங்கினார்கள். வெளி டிஸ்க்கில் நகலிருந்த பழைய படங்களையும், பேக்கப் எடுக்கும் மென்பொருளை அதன் பழைய பதிவுகளோடும் அப்படியே அதில் ஏற்றினார். அன்றன்று சேரும் எக்ஸ்ரே படங்களை மட்டும் அது வெளி டிஸ்க்கில் நகல் எடுக்க வேண்டும். எடுத்துவிட்டால் திரையில் பச்சை டிக் விழும். தவறாமல் விழுந்தது.

இரண்டு வாரம் போனது. வெளியூரில் இருக்கும் மகளுக்குப் பிரசவ நேரம். சாயங்கால ரயிலில் மனைவியோடு கிளம்பினால் திரும்பிவர ஒரு மாதம் ஆகும். கிளம்புமுன், நகலிலிருந்து நேற்றைய படம் ஒன்றைத் திருப்பி எடுத்துப் பார்த்தார். இல்லை. முந்தாநாள் படமும் இல்லை. புது சர்வர் வந்ததிலிருந்து ஒரு பல்கூட நகலாகவில்லை.

"டிக் வந்திருக்கே சார்?" என்றார் டாக்டர்.

"டிக் வந்திருக்கு டாக்டரம்மா. படம்தான் வரல."

கேபிளை மாற்றினார், டிஸ்க்கை மாற்றினார், எல்லாவற்றையும் அணைத்துப் போட்டார். டிக் மட்டும் ஜோராக வந்தது. கடைசியில் நோயாளி நாற்காலியில் தானே ஏறி உட்கார்ந்தார்.

"என் வாயை ஒரு படம் எடுங்க. அது எங்கதான் போகுதுன்னு பார்க்கிறேன்."

சர்வரில் படங்கள் புதியது மேலே, பழையது கீழே என்று நிற்கும். அவருடைய தாடை மேலே இல்லை. தேடிக்கொண்டே கீழே போனால், போன வருஷத்துப் பற்களுக்கு நடுவே இளித்துக்கொண்டிருந்தது. சர்வரின் கடிகாரத்தில் மணி சரி, தேதி சரி, மாதம் சரி, வருஷம் மட்டும் ஒன்று குறைவு. பேக்கப்போ தான் கடைசியாக நகலெடுத்த தேதிக்குப் பிறகு வந்ததை மட்டுமே தொடும். புதுப் படமெல்லாம் அதன் கண்ணுக்கு ஒரு வருஷப் பழசு. எடுக்க ஒன்றுமில்லை என்று டிக் போட்டுவிட்டுப் படுத்துவிட்டது.

"வருஷத்தை யார் மாத்தினது?"

டாக்டர் கையுறையை ரொம்ப நிதானமாகக் கழற்றினார். "புது சர்வர் வந்த அன்னிக்கே எக்ஸ்ரே புரோகிராமுக்கு லைசென்ஸ் முடிஞ்சுபோச்சு சார். தேதியைக் கொஞ்சம் பின்னாடி தள்ளினா திறக்கும்னு என் தம்பி சொன்னான்."

"கொஞ்சமா? ஒரு வருஷம்மா!"

"நீங்கதான் எதையும் ரெண்டு தடவை பார்ப்பீங்களே. பார்த்திருப்பீங்கன்னு நினைச்சேன்."

மணியைத் தினமும் பார்த்தவர், வருஷத்தை ஒருதடவைகூடப் பார்க்கவில்லை.

"இப்போ சரி பண்ணினா எக்ஸ்ரே நின்னுடும். வெளிய ஆளுங்க உக்காந்திருக்காங்க சார்."

"பண்ணாட்டி ஊர்ப் பல்லு மொத்தமும் இந்த ஒரே பெட்டியில. இது படுத்தா?"

டாக்டர் பெருமூச்சு விட்டார். காத்திருந்தவர்களை நாளைக்கு வரச்சொல்லிவிட்டு, லைசென்ஸைப் புதுப்பிக்கப் போனை எடுத்தார். இவர் வருஷத்தைத் திருத்தி, எல்லாப் படங்களையும் முதலிலிருந்து நகலெடுக்க விட்டார். அது நத்தையாக ஊர்ந்தது. ஸ்டேஷனிலிருந்து மனைவி போனில் கூப்பிட்டார்.

"வண்டி வந்தாச்சு. எங்க இருக்கீங்க?"

"எண்பது சதவீதம்."

"நான் ஏறிட்டேன். உங்க பையையும் எடுத்துக்கிட்டேன். உங்களைத்தான் விட்டுட்டுப் போறேன்."

நகல் முடிந்ததும் தன் தாடையைத் திருப்பி எடுத்துப் பார்த்தார். வந்தது. இன்னொரு தடவையும் வந்தது. அப்புறம்தான் ஸ்டேஷனுக்கு ஓடினார்.

அடுத்த வண்டியில் கதவோரம் நின்றுகொண்டே போனார். பேத்தி, அவர் ஆஸ்பத்திரி வாசலில் கால் வைத்த பிறகுதான் பிறந்தாள். தாத்தா வேலையை முடித்துவிட்டு வரட்டும் என்று குழந்தை காத்திருந்ததாக அவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். மனைவி இன்னும் அவரோடு சரியாகப் பேசவில்லை.