இரும்புக் கொக்கின் தலைச்சாய்வு

எங்கள் கடைத்தெருவில், இறைச்சிக் கடை வாசலில் நின்று கொரோக்கே பொரிக்கும் கினுயோவை எல்லோருக்கும் தெரியும். உருளைக்கிழங்கு மசியலைத் தட்டி, ரொட்டித் தூளில் புரட்டி, எண்ணெயில் போட்டு எடுப்பதற்குள் எதிரில் நிற்பவரின் வீட்டு விவகாரம் முழுவதையும் வாங்கிவிடுவாள். தன் கதையை மட்டும் சொல்ல மாட்டாள். அவள் கணவர் மொரிவாகி யார் என்று தெரிந்து வருகிற கூட்டம் ஒன்று தனியாக உண்டு. அவர்கள் கொரோக்கேயைச் சுடச்சுட வாங்கிக்கொண்டு நேராக என் காபிக் கடைக்கு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். வெளித் தீனி கூடாது என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன். இதுவரை யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

மொரிவாகிதான் இரும்புக் கொக்கு. டோக்கியோவின் இந்த மேற்கு ஓரத்தில், படப்பிடிப்பு நிலையத்தின் வெடிச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எண்பதுகளில் ஞாயிற்றுக்கிழமை காலையில் தொலைக்காட்சியில் வந்த தொடர் அது. பிறகு திரைப்படங்களாகவும் வந்தது. குசாகா என்ற அழகான நடிகர் பள்ளி வாத்தியாராக வருவார். ஆபத்து என்றால் கைகளை விரித்துச் சுழல்வார். புகை கிளம்பும். புகை விலகினால் நீண்ட அலகு வைத்த வெள்ளி முகமூடியோடு இரும்புக் கொக்கு நிற்கும். உள்ளே நிற்பது குசாகா இல்லை, மொரிவாகி. சண்டை, ஓட்டம், கல்குவாரி உச்சியிலிருந்து வெடிக்கு நடுவே பாய்ச்சல், எல்லாம் அவர் பங்கு. தெருவில் துரத்திக் கையெழுத்து வாங்குவது மட்டும் குசாகாவிடம்.

ஆனால் மொரிவாகிக்கென்று ஒரு சொத்து இருந்தது. பாய்வதற்கு முன்னால் இரும்புக் கொக்கு தலையை இடப்பக்கம் சாய்த்து, ஒரு நொடி கீழே பார்க்கும். தண்ணீரில் நின்று மீனைப் பார்க்கிற கொக்கு அப்படியே. அதற்கு ரசிகர்கள் வைத்த பெயர் மொரிவாகி சாய்வு. ஒரு காலத்தில் இந்தப் பேட்டையில் பிள்ளைகள் எல்லாம் கழுத்தைச் சாய்த்துக்கொண்டே திரிந்தார்கள். எதிர் வீட்டம்மா தன் மகனைச் சுளுக்கு எடுக்க அழைத்துப்போன கதையும் உண்டு. மொரிவாகி என் கடைக்கு வந்தால் அப்போதும் தலை கொஞ்சம் சாய்ந்தே இருக்கும். நாங்கள் அதைக் கண்டு பூரித்துப்போவோம். மனிதர் காபி குடிக்கும்போதுகூட கொக்காகவே இருக்கிறார் பாருங்கள் என்போம்.

கினுயோ அப்போது நிலையத்தில் உடைப் பிரிவில் இருந்தாள். கொக்கு உடையை உள்பக்கம் திருப்பி, வியர்வையைத் துடைத்து, காற்றடித்துக் காய வைப்பது அவள் வேலை. முகமூடியைக் கழற்றி விடுவதும் அவள்தான். "இதைக் கழட்டினதும் எனக்கு முதல்ல தெரியறது உங்க முகம்தான். அப்படியே இருந்துட்டா நல்லா இருக்கும்" என்று மொரிவாகி கேட்டாராம். இதற்கு மேல் அழகாக எந்தக் குசாகா கேட்டுவிட முடியும். பிள்ளைகள் இல்லை. அவர் ஓய்வு பெற்ற பிறகு இருவரும் என் கடையின் சன்னலோர மேசையில் உட்கார்ந்து ஒரு கேக்கைப் பாதியாக வெட்டிச் சாப்பிடுவார்கள். ஆறு வருடத்துக்கு முன் வயிற்றில் வந்த நோய் அவரைக் கொண்டுபோயிற்று. அந்த மேசையில் யாராவது உட்கார்ந்தால் எனக்கு இப்போதும் எரிச்சல் வருகிறது.

போன வருடம் அறிவிப்பு வந்தது. இரும்புக் கொக்கு மறுபடி வருகிறது. நரைத்த குசாகா, பழைய இசை, பழைய குவாரி. சுவரொட்டியைப் பார்த்ததும், தொலைக்காட்சி முன் பிள்ளைகளோடு நானும் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்த காலைகள், அடுப்பில் என் மனைவி வாட்டிய மீனின் வாசனை, எல்லாம் ஒன்றாக வந்து நின்றன. ரசிகர் கூட்டத்தின் தலைவர் ஹிராயிவா குடிநீர் அலுவலகத்தில் வேலை செய்பவர். அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு வந்து என் கடையில் அழுதார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"எல்லாம் சரி, மாஸ்டர். உள்ள யாரு?"

உள்ளே நாகசே. முப்பத்தெட்டு வயது. அரக்கன் உடைகளிலேயே பாதி வாழ்க்கையைக் கழித்தவர். ஒருநாள் மத்தியானம், கடை காலியாக இருந்த நேரத்தில் கினுயோவைத் தேடிக்கொண்டு அவரே வந்துவிட்டார். நான் போய் அவளைக் கூட்டி வந்தேன். கையில் மாவோடு வந்து உட்கார்ந்தாள். நாகசே எழுந்து இடுப்பு வரை குனிந்தார். நிமிரும்போது கழுத்தைப் பிடித்துக்கொண்டார்.

"கழுத்துக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டாள் கினுயோ.

"சாய்வு பழகறேங்க. கண்ணாடி முன்னாடி வந்துடுது. முகமூடி போட்டா வர மாட்டேங்குது. மொரிவாகி-சான் அதை எப்படிப் பண்ணுவாருன்னு உங்களைக் கேக்கலாம்னு..."

"முகமூடி புதுசா?"

"பழைய அச்சுலதான் வார்த்திருக்காங்க. அலகு, கண்ணு, கண்ணுக்குக் கீழ பாக்கறதுக்கு வெச்ச ஓட்டை எல்லாம் அப்படியே. மாறினா ரசிகர்கள் கண்டுபிடிச்சுடுவாங்களாம்."

கினுயோ மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப உங்களுக்கும் தரை தெரியாது" என்றாள்.

நாகசே மறுபடி கழுத்தைத் தடவிக்கொண்டார்.

"அவர் எதையும் பண்ணலைங்க. அலகு மறைக்கும். காலடி தெரியாது. ஓட்டை ஓரமா ஒரு கீத்து வெளிச்சம் வரும். தலையை இடப்பக்கம் சாய்ச்சாத்தான் அது வழியா விளிம்பு தெரியும். எங்க கால் வைக்கறதுன்னு பாத்துட்டுத்தான் குதிப்பாரு. அப்படியும் ரெண்டு தடவை குவாரியில விழுந்தாரு. அவ்வளவு கனத்தை ஒரு பக்கமாவே சாய்ச்சுச் சாய்ச்சு, அப்புறம் கழுத்து திரும்பவே இல்லை. ஆத்தங்கரையில வாணவேடிக்கை பாக்கப் போவோம். அவரால அண்ணாந்து பாக்க முடியாது. தண்ணியில தெரியறதைப் பாத்துட்டு, நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னு சொல்லுவாரு."

நான் கோப்பையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துணி கையிலேயே நின்றுவிட்டது. எத்தனை வருடமாகப் பூரித்திருக்கிறோம் அந்தக் கழுத்தைப் பார்த்து.

"அலகை வெட்டச் சொல்லுங்க" என்றாள் கினுயோ. "ஓட்டையையும் பெருசாக்கச் சொல்லுங்க. அந்தச் சாய்வை விட்டுடுங்க."

நாகசே பயந்துபோனார். "அது மட்டும்தானே அவரோடதுன்னு இருக்கு. அதை நான் விட்டுட்டா, திரையில அவர்னு சொல்ல ஒண்ணுமே இருக்காதே."

"எனக்குத் தெரியாதா அது" என்றாள். குரல் கொஞ்சம் உடைந்தது. "தெரிஞ்சுதான் சொல்றேன். கல்யாணம் ஆயிடுச்சா உங்களுக்கு?"

"ஆயிடுச்சு."

"அவங்களுக்காகச் சொல்றேன்னு வெச்சுக்கங்க. தயாரிப்பாளர் ஒத்துக்கலைன்னா மொரிவாகி வீட்டம்மா சொன்னான்னு சொல்லுங்க. வேற யாருக்கும் தெரிய வேண்டாம்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "மாஸ்டர், உங்களுக்கும்தான். ஹிராயிவா-சான் கிட்ட வாயைத் திறந்தீங்கன்னா இனிமே உங்களுக்குக் கருகின கொரோக்கேதான்."

"ஏன், தெரிஞ்சா என்ன? இவரைத் திட்ட மாட்டாங்கல்ல?" என்றேன்.

"அத்தனை வருஷமா அதைப் பாத்து சந்தோஷப்பட்டிருக்காங்க. இனிமே பாக்கும்போதெல்லாம் வலி தெரியணுமா?"

எனக்கு நாகசே தலையில் வந்து விழப்போகிற பழியை நினைத்துத்தான் கவலையாக இருந்தது. அவர் மறுபடி குனிந்தார், இந்த முறை நெடுநேரம்.

முன்னோட்டம் வெளிவந்த அன்று என் கடையில் இழவு வீடு தோற்றது. அலகு இரண்டு விரல் குறைந்திருந்தது. கண்ணுக்குக் கீழே ஓட்டை அகலமாகத் தெரிந்தது. சாய்வு இல்லவே இல்லை. இணையத்தில் நாகசேயைப் போட்டுக் கிழித்தார்கள். என் கடையில் கிழித்தது அதைவிட மோசம்.

"இது கொக்கு இல்லை மாஸ்டர், வாத்து" என்றார் ஹிராயிவா. "குசாகாவுக்கு நரைச்சிருக்கு, அது காலம், ஏத்துக்கலாம். ஆனா இந்த ஆளு மொரிவாகி-சான் படத்தை ஒரு தடவையாவது பாத்திருப்பானா? ஒரு தலையைச் சாய்க்கறதுக்கு என்ன சோம்பேறித்தனம்?"

"காபி ஆறுது, குடிங்க" என்றேன். வேறு என்ன சொல்வது.

நிலையத்துக்கு ஒரு முறையீடு அனுப்ப முடிவு செய்தார்கள். சாய்வைச் சேர்த்து மறுபடி எடுக்க வேண்டுமாம். முதல் பெயராகக் கினுயோ இருந்தால் யாரும் மறுக்க முடியாது என்று ஹிராயிவா அவளிடம் போனார். எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்றபடியே அவள் மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

"உங்க வீட்டுக்காரருக்காகத்தானே கத்தறோம், கினுயோ-சான்" என்றார். கண் கலங்கிவிட்டது மனிதருக்கு. "நீங்களே அவரை விட்டுக் கொடுத்துட்டா நாங்க யாருக்காகக் கத்தறது?"

நான் பக்கத்தில்தான் நின்றேன். உண்மை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கினுயோ என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு ஹிராயிவாவுக்கு ஒரு கொரோக்கே அதிகமாகப் போட்டுப் பொட்டலத்தை நீட்டினாள். அவர் வாங்காமல் போய்விட்டார். அன்று சாயங்காலம் அவள் என் கடைக்கு வந்து, சன்னலோரத்தில் உட்கார்ந்து, முழுக் கேக்கையும் தானே சாப்பிட்டாள். 

படம் வெளியான இரண்டாம் ஞாயிறு மத்தியானம் கூவல் காட்சி. எங்கள் ஊரில் திரையரங்கில் இருமினாலே திரும்பிப் பார்ப்பார்கள். கூவல் காட்சியில் மட்டும் வாய்விட்டுக் கத்தலாம், நிறம் மாறுகிற விளக்குக் குச்சி ஆட்டலாம், திரையில் இருப்பவர்களோடு பேசலாம். ஹிராயிவா மனத்தாங்கலோடுதான் இருந்தார். ஆனாலும் கினுயோவுக்குத் தன் பக்கத்திலேயே இருக்கை பிடித்து வைத்திருந்தார். நான் அவளுக்கு மறுபக்கம் உட்கார்ந்தேன்.

படத்துக்கு முன்னால் நடிகர்கள் மேடைக்கு வந்தார்கள். குசாகாவுக்குக் கூரை பிளக்கக் கை தட்டினார்கள். கடைசியாக நாகசே வந்தார். மரியாதைக்கு நாலு கை தட்டின. அவர் குனிந்து வணங்கிவிட்டு, மற்றவர்களோடு போகாமல், படம் பார்க்கக் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். 

முதல் பாதியில் எல்லாம் பிரமாதம். நரைத்த வாத்தியார் காலி வகுப்பில் கரும்பலகையைத் துடைக்கும்போது அரங்கமே விம்மியது. "வாத்தியாரே, நாங்க வந்துட்டோம்" என்று யாரோ கத்தினார்கள். நானும் கத்தினேன், எழுபது வயதில். குசாகா கைகளை விரித்துச் சுழன்றார். புகை எழுந்தது. விளக்குக் குச்சிகள் எல்லாம் வெள்ளைக்கு மாறின.

குவாரி உச்சியில் இரும்புக் கொக்கு நின்றது. எங்களுக்கெல்லாம் மனப்பாடமான இடம். படத்திலாவது அந்தச் சாய்வு வராதா என்று அரங்கம் மூச்சைப் பிடித்துக் காத்திருந்தது. கொக்கு சாயவில்லை. தலையை நேராக வைத்துக்கொண்டு, விளிம்பை ஒட்டி ஓடியது. அப்படியொரு ஓட்டத்தை மொரிவாகி ஒருநாளும் ஓடியதில்லை, ஓடவும் முடிந்திருக்காது. ஓடிய வேகத்திலேயே பாய்ந்தது. அவ்வளவு அழகு. ஆனால் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. முழுக்கக் கத்துவதற்கென்று காசு கொடுத்து வந்த கூட்டம் கல்லாக உட்கார்ந்திருந்தது. விளக்குக் குச்சிகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. கடைசி வரிசையைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அப்போது என் பக்கத்திலிருந்து கினுயோவின் குரல் வந்தது. தெருவில் யாரையோ கூப்பிடுகிற குரல்.

"கீழ தெரியுதா?"

அரங்கத்தில் தலைகள் திரும்பின. திரையில் கொக்கு தரையில் இறங்கி, மறுபடி ஓடத் தொடங்கியிருந்தது.

கடைசி வரிசையிலிருந்து பதில் வந்தது. "தெரியுதுங்க. கால் வரைக்கும் நல்லாத் தெரியுது."

கினுயோ தலையை ஆட்டிக்கொண்டாள். கன்னமெல்லாம் ஈரம். அவள் துடைக்கவில்லை.

ஹிராயிவா திரையைப் பார்த்தார், பின்னால் பார்த்தார், அவளைப் பார்த்தார். புரிந்துகொள்ள அவருக்கு வெகுநேரம் ஆகவில்லை. அத்தனை வருடமாக அந்தக் கழுத்தை அவரைவிடக் கூர்ந்து பார்த்தவர் யார்.

"அப்ப, மொரிவாகி-சானுக்கு..." என்று ஆரம்பித்தார். 

"படத்தைப் பாருங்க, ஹிராயிவா-சான்" என்றாள் கினுயோ.

அவர் திரையைப் பார்த்தார். கொக்கு அடுத்த பாறையின் விளிம்புக்கு வந்திருந்தது. ஹிராயிவா எழுந்து நின்று, தொண்டை கிழிய, உள்ளே இருந்த நாகசேயின் பெயரைச் சொல்லி, ஓடு என்று கத்தினார்.