மாமியாரோடு மீன் வாங்கப் போனது

என் மாமியாருக்கும் எனக்கும் எந்தச் சண்டையும் இருந்ததில்லை. சண்டை வர வேண்டுமானால் முதலில் பேச்சு இருக்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் நேருக்கு நேர் பேசியது "வாங்க மாப்ள", "போய்ட்டு வரேன் அத்தை" என்ற அளவோடு சரி. அவருக்குப் பாகூர் பக்கத்துக் கிராமம். மாப்பிள்ளை கூடத்தில் உட்கார்ந்தால் மாமியார் அடுப்படிக்குள் போய்விட வேண்டும். மாப்பிள்ளை தண்ணீர் குடிக்க அடுப்படிப் பக்கம் வந்தால் மாமியார் கொல்லைப் பக்கம் நகர்ந்துவிட வேண்டும். அப்படிப் பழகியவர். நான் அங்கே போகும்போதெல்லாம் ஒரு கண்ணாமூச்சி நடக்கும். சோறும் குழம்பும் மட்டும் வேளை தவறாமல் வந்து சேரும்.

சென்ற வருஷம் அவருக்கு ஒரு கண்ணில் புரை எடுத்தார்கள். ஆபரேஷன் முடிந்ததும், மருந்து போட ஆள் வேண்டும் என்று என் மனைவி தன் அம்மாவை எங்கள் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டாள். எங்கள் வீடு முத்தியால்பேட்டையில் ஒரு மாடிப் போர்ஷன். ஒரு கூடம், ஒரு படுக்கையறை, ஓர் ஆள் திரும்பினால் முழங்கை இடிக்கும் சமையலறை. கண்ணாமூச்சி ஆட அதில் இடமே கிடையாது.

போதாக்குறைக்கு, சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனில் வேலை செய்யும் என் மனைவிக்கு அந்த மாதம் பார்த்து செகண்ட் ஷிப்ட் போட்டுவிட்டார்கள். மத்தியானமே கம்பெனி பஸ் வந்து அவளைத் தூக்கிக்கொண்டு போய்விடும். அவள் திரும்பி வருவதற்குள் தெருவில் பாதி வீடுகள் தூங்கியிருக்கும். நான் காலாப்பட்டில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் உதவியாளன். பொழுது சாயும்போது வீட்டுக்கு வந்துவிடுவேன். ஆக, சாயங்காலத்திலிருந்து வீட்டில் நானும், கறுப்புக் கண்ணாடி போட்ட மாமியாரும், ஒரு சொட்டு மருந்துப் புட்டியும்தான்.

"அம்மா அடுப்பாண்ட நிக்கக் கூடாது. டாக்டர் கண்டிஷனா சொல்லிட்டாரு. ராத்திரி சமையல் நீங்கதான்" என்று சொல்லிவிட்டுப் போனாள் மனைவி.

எனக்கு ரசம் வைக்கத் தெரியும். உப்புமா கிண்டுவேன், ஆம்லெட் போடுவேன். கல்யாணத்துக்கு முன்னால் அறையெடுத்துத் தங்கியிருந்த காலத்துப் படிப்பு அவ்வளவுதான். முதல் நாள் ரசம் வைத்து உருளைக்கிழங்கு வறுத்தேன். தட்டில் போட்டு மேசைமேல் வைத்துவிட்டு, "அத்தை, சாப்பாடு" என்றேன். அவர் சுவரைப் பார்த்து நின்றபடி, "மாப்ள கையால ஆக்கிப் போட்டு நான் சாப்புடறதா, என்ன கொடுமடி இது" என்று, வீட்டில் இல்லாத மகளிடம் சொன்னார். நான் பால்கனிக்குப் போய்த் தெருவை வேடிக்கை பார்த்தேன். பாத்திரச் சத்தம் அடங்கிய பிறகு உள்ளே வந்தேன். தட்டு கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

மறுநாள் நான் சமையலறையில் பருப்பைக் கடைந்துகொண்டிருந்தபோது மனைவி போன் செய்தாள்.

"நேத்து ரசத்துல உப்பு தூக்கலாம். இன்னிக்குப் பாத்துப் போடுங்க."

"யாரு சொன்னது?"

"அம்மாதான். இப்பதான் போன் பண்ணுச்சு."

எட்டிப் பார்த்தேன். அத்தை பால்கனியில் போனை இடுப்பில் செருகிக்கொண்டிருந்தார். எங்களுக்கு நடுவில் ஒரு நாற்காலியும் ஒரு திரைச்சீலையும்தான் இருந்தன. செய்தி பால்கனியிலிருந்து கிளம்பி சேதராப்பட்டு வரை போய்ச் சமையலறைக்குத் திரும்பியிருந்தது. நானும் விடவில்லை. "இன்னிக்குக் கம்மியா போட்டிருக்கேன்னு சொல்லு" என்றேன். சற்று நேரத்தில் பால்கனியில் போன் அடித்தது.

இப்படியே நாலைந்து நாள் ஓடியது. அவருக்கு மோர் வேண்டும் என்பது, அப்பளம் கருகிவிட்டது என்பது, ஃபேனைக் கொஞ்சம் குறைக்கலாமா என்பது எல்லாமே அந்த வழியில்தான் வந்தன. ஒரு நாள் மனைவிக்குப் பொறுமை போய்விட்டது.

"லைன்ல நின்னுகிட்டு போன் எடுத்தா சூப்பர்வைசர் மொறைக்கிறாரு. ரெண்டு பேரும் ஒரே வூட்லதானே இருக்கீங்க? வாயத் தொறந்து பேசிக்குங்க. இனிமே ரெண்டு பேர் போனும் எடுக்க மாட்டேன்."

சொன்னபடியே செய்தாள்.

அதற்குப் பிறகு வீட்டில் ஒரே நிசப்தம். அவருக்கு என்ன பிடிக்கும் என்று தெரியாமல், வேலை விட்டு வரும் வழியில் கண்ணில் பட்டதையெல்லாம் வாங்க ஆரம்பித்தேன். ஒரு நாள் பன்னீர் வாங்கிக் குருமா வைத்தேன். அதைத் தட்டின் ஓரமாக ஒதுக்கி வைத்து, காலையில் காக்கைக்குப் போட்டார். காக்கையும் ரொம்ப நேரம் யோசித்தது. இன்னொரு நாள் காளான். "மழைக்கு மொளைக்கறத காசு குடுத்து வாங்கியாந்திருக்காரே" என்று காலையில் மகளிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாராம். பேக்கரியில் நீள ரொட்டி சூடாக இருந்ததைப் பார்த்து ஒரு நாள் அதை வாங்கி வந்தேன். பால் காய்ச்சி வைத்தேன். பிட்டுப் பிட்டுப் பாலில் நனைத்து முழு ரொட்டியையும் சாப்பிட்டுவிட்டார். பரீட்சையில் ஒரு பாடத்தில் பாஸானது போல இருந்தது எனக்கு. ஆனால் தினமும் ரொட்டியும் பாலும் கொடுக்க முடியுமா?

மீன் வாங்கலாமே என்றால் அதற்கும் வழியில்லை. கண் ஆபரேஷன் செய்தவர்கள் மீன் தொடக் கூடாது, கத்தரிக்காய் ஆகாது, கருவாடு கூடாது என்று கிராமத்தில் ஆளுக்கொரு பத்தியம் சொல்லி அனுப்பியிருந்தார்கள். டாக்டர் எல்லாமே சாப்பிடலாம் என்றுதான் சொன்னார். அத்தை கிராமத்தின் பேச்சைத்தான் கேட்டார்.

எங்கள் மௌனத்தை உடைத்தது சொட்டு மருந்துதான். மற்ற வேளைகளில் மனைவி போட்டுவிடுவாள். சாயங்கால மருந்தை அத்தையே போட்டுக்கொள்வார். ஒரு நாள் நான் வீட்டுக்குள் நுழையும்போது, அவர் தலையை அண்ணாந்துகொண்டு புட்டியை அழுத்திக்கொண்டிருந்தார். ஒரு சொட்டு மூக்கில் விழுந்தது, ஒன்று கன்னத்தில், ஒன்று காதுப் பக்கம். கண்ணைத் தவிர எல்லா இடத்துக்கும் மருந்து கிடைத்தது.

"நான் போட்டு விடட்டுமா அத்தை?"

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். சரி, பால்கனிக்குப் போய்விடலாம் என்று திரும்பினேன். பின்னால் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. உட்கார்ந்து முகத்தை நிமிர்த்தி, முந்தானையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். கை கழுவிவிட்டு வந்து, கீழிமையை இழுத்துப் பிடித்து ஒரு சொட்டு விட்டேன். சரியாக விழுந்தது.

கண்ணை மூடியபடியே சொன்னார்: "உங்களுக்குக் கை நடுங்குது மாப்ள."

"பயமா இருந்துச்சு அத்தை."

"எனக்கும்தான்" என்றார்.

விட்டால் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவார் என்று தோன்றியது. "நாளைக்கு ராத்திரிக்கு என்ன செய்யட்டும்? நீங்க சொன்னாத்தான் அடுப்ப பத்த வைப்பேன்" என்றேன்.

ரொம்ப நேரம் கண்ணைத் திறக்கவில்லை. மருந்துக்காகவா, யோசிப்பதற்காகவா தெரியாது. பிறகு, "காரப்பொடி கெடைக்குமா?" என்று கேட்டார்.

"மீனா? பத்தியம்னு சொன்னாங்களே?"

"டாக்டரு சாப்புடச் சொல்லிட்டாரு. ஊர்க்காரங்கதான் வேணாம்னாங்க. ஊரு என்ன, இங்கயா வந்து பாக்கப் போவுது?"

எனக்கு மீன் பார்த்து வாங்கத் தெரியாது. அதையும் சொன்னேன். நீங்கள் கூட வந்தால் உண்டு, இல்லாவிட்டால் நாளைக்கும் ரசம்தான் என்றேன்.

மறுநாள் வெயில் தாழ்ந்ததும் கிளம்பினோம். ஸ்கூட்டரில் ஏறமாட்டேன் என்றுவிட்டார். மாப்பிள்ளை முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து போனால் உலகம் என்ன சொல்லும்? மீன் விற்கும் வைத்திக்குப்பம் கடற்கரை நடக்கும் தூரம்தான். நான் முன்னால் நடந்தேன். அவர் நன்றாக இடைவெளி விட்டுப் பின்னால் வந்தார். நான் நின்றால் அவரும் நின்றார். கறுப்புக் கண்ணாடியும் கையில் கூடையுமாக ஓர் அம்மா தனியாக நிற்பதைப் பார்த்து, ஓர் ஆட்டோக்காரர் வண்டியை மெதுவாக்கினார்.

"எங்கம்மா போவணும்?"

"அதோ போறாரு பாரு, நீலச் சட்ட. அவரு எங்க போறாரோ அங்க."

ஆட்டோக்காரர் என்னைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டுப் போனார்.

மணலில் படகுகளை ஏற்றி வைத்திருந்தார்கள். அவற்றின் பக்கத்தில் ஒரு பெரிய குடையின் கீழ் மீன்காரம்மா ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். காரப்பொடி இருந்தது. விரல் நீளத்துக்குத் தட்டையான மீன்கள். விலை கேட்டேன், சொன்னாள், சரி என்றேன். அவ்வளவு சுலபமாகச் சரி சொல்லும் ஆளைப் பார்த்து அவளுக்கே சங்கடமாக இருந்திருக்க வேண்டும். பையைத் தேட நேரம் எடுத்துக்கொண்டாள். அதற்குள் அத்தை விடுவிடுவென்று வந்து எனக்கும் மீன் கூடைக்கும் நடுவில் புகுந்துவிட்டார்.

"ஏந் தங்கச்சி, பேண்டு போட்ட ஆளு கேட்டா உடனே வெலய ஏத்திச் சொல்லிடுவியா?"

"இவரு யாரு உனக்கு?"

"எம் மாப்ள."

"அப்ப ஏம்மா இம்மா நேரம் யாரோ மாதிரி அங்க நின்ன?"

அத்தை சிரித்துவிட்டார். வாயைப் பொத்திக்கொள்ளாமல் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். பிறகு குனிந்து, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, மீனைக் கையில் எடுத்துச் சாயங்கால வெளிச்சத்தில் திருப்பினார். அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்ள, இங்க பாருங்க. எம்மாம் பளபளப்பு! இத்தினி வருசமா சாம்பக் கலர்னு இல்ல நெனச்சிட்டிருந்தேன்."

"கண்ணு ஆபரேசனாம்மா?" என்று மீன்காரம்மா கேட்டாள். ஆமாம் என்றதும், விலையைக் கொஞ்சம் குறைத்துவிட்டு, "இது புதுக் கண்ணுக்கு" என்று ஒரு பிடி எறாவையும் அள்ளிப் போட்டாள்.

திரும்பும்போது அத்தை என் பக்கத்திலேயே நடந்து வந்தார். வீடு வந்து சேரும்வரை பேச்சு நிற்கவில்லை. அவர்கள் ஊருக்கு மீன்காரர் சைக்கிளில் உச்சி வெயிலில்தான் வந்து சேருவாராம். அதற்குள் மீன் வாடிவிடுமாம். மாமனார் இருந்தபோது அதற்காகவே கடற்கரைப் பக்கம் வண்டி கட்டிக்கொண்டு போய் வருவாராம். அந்த மனிதரை நான் போட்டோவில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். இப்படி மீனுக்காக அலைந்தவர் என்பது எனக்குத் தெரியாது.

சமையல் அன்று நிஜமாகவே சமையலாக இருந்தது. அத்தை நிலைப்படிக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். அடுப்புச் சூடு அங்கே வராது.

"வெந்தயம் கருகுது மாப்ள. வெங்காயத்தக் கொட்டுங்க. அய்ய, அம்மாம் மொளகாத்தூளா? இருக்கட்டும், புளிய நல்லா கரைங்க. மாங்கா எங்க?"

மாங்காய் வாங்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு மார்க்கெட்டுக்கு ஓடினேன். பாதி மாங்காய் போதும் என்றால் கடைக்காரர் எப்படிக் கொடுப்பார்? முழு மாங்காய் வாங்கி வந்தேன். மீதிப் பாதியை அத்தை உப்பு தொட்டுக் கடித்துக்கொண்டே குழம்பு கொதிப்பதை மேற்பார்வை பார்த்தார்.

இருவரும் கூடத்தில் தரையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். யாரும் பால்கனிக்குப் போகவில்லை. அவர் முள்ளை எடுக்கிற வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை.

"உப்பு எப்படி அத்தை?"

"செரியா இருக்குது."

"மெய்யாத்தான் சொல்றீங்களா?"

"ஒரு கல்லு கொறச்சல்" என்று ஒப்புக்கொண்டு, இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டார்.

மீன் குழம்பு மறுநாள்தான் ருசி கூடும். காலையில் இட்லிக்கு அதை ஊற்றிச் சாப்பிட்ட மனைவி பாதியில் நிறுத்தி, "யாரு வச்சது இது?" என்று கேட்டாள். "மாப்ளதான்" என்றார் அவர். "அத்தைதான்" என்றேன் நான். மனைவி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நான் ரெண்டு வாரம் ஷிப்டுக்குப் போனா இங்க என்னென்னமோ நடக்குது" என்று சொல்லிவிட்டு இன்னும் இரண்டு இட்லி எடுத்துக்கொண்டாள். முகத்தில் சந்தோஷமும் இருந்தது, லேசாக ஒரு பொறாமையும் இருந்தது.

அதற்குப் பிறகு சாயங்காலம் கடைக்குப் போவது எங்களுக்கு வழக்கமாகிவிட்டது. மார்க்கெட்டில் கீரைக்கட்டு, சைக்கிளில் வரும் பதநீர், பேக்கரியில் ரொட்டி, வாய்த்தால் நெத்திலி. மனைவிக்கு ஷிப்ட் மாறிய பிறகும் விடவில்லை. மூன்று பேராகப் போனால் விலை பேசவே நேரம் போதவில்லை, அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் மிஞ்சிப் பேரம் பேசினார்கள்.

அத்தை ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின வாரம், கண்ணைப் பார்த்துவிட்டுப் போக அவருடைய அக்கா, அதாவது மனைவியின் பெரியம்மா, வந்தார். படியேறி வந்தவருக்கு முதலில் கண்ணில் பட்டது நாங்கள்தான். கூடத்தில் செய்தித்தாளை விரித்து, நானும் அத்தையும் எதிரெதிரே உட்கார்ந்து எறா உரித்துக்கொண்டிருந்தோம். நான் உரித்தது சரியில்லை என்று அத்தை என்னைத் திட்டிக்கொண்டும் இருந்தார்.

பெரியம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். "என்னாடி இது? மாப்பிள்ள எதுருல சரிக்குச் சரி உக்காந்துகினு?"

அத்தையின் கை நிற்கவில்லை. "அவரு ஆக்கிப் போட்டாரு, நான் சாப்புட்டேன். கண்ணுல மருந்தும் ஊத்தி விட்டாரு. இன்னும் என்னாத்தக்கா மறைக்கறது? செருப்ப வுட்டுட்டு வந்து உக்காரு. நெறைய இருக்குது, நீயும் உரி."

பெரியம்மா உட்கார்ந்தார். என் பக்கம் முகத்தைத் திருப்பாமலேயே உரித்தார். எங்கள் இருவரையும்விட வேகமாக உரித்தார். மனைவி வேலையிலிருந்து வந்து வெங்காயம் நறுக்கித் தந்தாள். நான் தொக்கு வைத்தேன். நான்கு பேரும் வட்டமாக உட்கார்ந்தோம். பெரியம்மா தலை நிமிராமல் சாப்பிட்டார். நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சோறு முடியும் நேரத்தில்தான் தட்டைப் பார்த்தபடியே மெதுவாகக் கேட்டார்:

"தம்பி, சட்டியில இன்னும் நாலு எறா கெடக்குமா?"

கிடந்தது. வழித்துப் போட்டேன்.