விளக்குக்காரன் இருமமாட்டான்

அடுத்தவன் உருவாக்கிய ஆளை வைத்துக் கதை எழுதுவதைவிட அடுத்த வீட்டு மருமகளாக வாழ்வது சுலபம். அங்கே ஒரு மாமியார், இங்கே ஊரெல்லாம் மாமியார். இந்தத் தொழிலில் அடிபட்டவர்கள் எங்கேயாவது நாலு பேர் இருப்பீர்கள். உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இது புரியாது, புரியவும் வேண்டாம்.

பெயர் இல்லாத வேலை

எண்பதுகளின் நடுவில் மலேசியாவில், ஈப்போ நகரத்தில் ஓர் அச்சகத்தில் அச்சுக் கோர்த்துக்கொண்டிருந்தேன். அங்கிருந்து மாணவர்களுக்கென்று ஒரு மாத இதழ் வந்தது. இரண்டு கடை தள்ளி ஒரு வீடியோ கேம் கடை. பள்ளிக்கூடப் பையன்கள் எல்லாம் அங்கேதான் கிடந்தார்கள், எங்கள் இதழை ஒருவனும் சீண்டவில்லை. ஆசிரியருக்கு ஒரு யோசனை வந்தது. அவர்கள் விளையாடும் ஆளையே கதாநாயகனாக்கித் தொடர்கதை போட்டால் என்ன?

அந்தக் கடையில் கூட்டம் மொய்க்கும் விளையாட்டுப் பெட்டி ஒன்று இருந்தது. ஜப்பானில் செய்தது, அதிலிருந்த எழுத்து யாருக்கும் படிக்க வராது. தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஒருவன் குகைக்குள் ஓடுவான், தாண்டுவான், பதுங்குவான். அவனுக்கு வாயே வரையவில்லை. பையன்கள் அவனை விளக்குக்காரன் என்றார்கள். மத்தியானம் கடை காலியாக இருக்கும்போது போய் விளையாடிப் பார்த்து, நான் முதல் அத்தியாயம் எழுதினேன். ஆசிரியருக்குப் பிடித்தது. மேலே "சூறாவளி" என்று போட்டார். அது யார் என்று கேட்டேன்.

"நீதான்லா. பொம்பள பேரு போட்டா பயலுங்க படிக்கமாட்டானுங்க. பன்னெண்டாவது அத்தியாயத்துல ஒம்பேரு வரும். அதுவரைக்கும் பேசாம எழுது."

இருமல்

ஓர் அட்டையில் எழுதி என் அச்சுப் பெட்டிக்கு மேலே ஒட்டி வைத்தேன்: பேசமாட்டான். யாரையும் அடிக்கமாட்டான். மூன்று உயிர். விளக்கு அணைந்தால் செத்தான். இதை மீறினால் ஒரு பையனும் விடமாட்டான். தினமும் அவனாகவே ஓடுகிறவர்களிடம் அவனைப் பற்றிப் புளுக முடியுமா?

ஆனால் மூன்றாம் அத்தியாயத்தில் நானே சறுக்கினேன். எங்கள் அப்பா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுக்கிறவர். அவரும் விடியுமுன் தலையில் விளக்கோடுதான் போவார். குகையின் குளிரை எழுதும்போது என்னை அறியாமல் விளக்குக்காரனை இரண்டு இடத்தில் இருமவிட்டேன். அது அப்பாவின் இருமல்தான், வறட்டு இருமல், முடிவில் ஒரு முனகலோடு. பதினேழு கடிதம் வந்தது. "விளக்குக்காரன் இருமமாட்டான்" என்று ஒருவன் கட்டம் போட்டு எழுதியிருந்தான். நியாயம்தான். நான்காம் அத்தியாயத்தில் இருமலை எடுத்துவிட்டேன்.

அப்பா இதழை மாதாமாதம் லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படிப்பார். அந்த மாதம் படித்து முடித்துவிட்டு, திரும்பப் புரட்டி எதையோ தேடினார். என்னப்பா என்றேன். அவர் சொன்னதைக் கேட்டு நான் அடுப்படிக்குப் போய் நின்று அழுதேன்.

"இந்த மாசம் அவன் இருமவே இல்லையே. அவனுக்காச்சும் நல்லாப் போச்சு."

கோப்பெங்கில் ஐந்து

ஐந்தாம் அத்தியாயத்தில் பெருமையாக ஒரு கட்டம் எழுதினேன். இரண்டு உயிர் போய்விட்டது, இருப்பது ஒன்றே ஒன்று, எதிரே பள்ளம், விளக்கு மங்குகிறது. தொடரும். ஈப்போவில் பையன்கள் நகத்தைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். பக்கத்து ஊரான கோப்பெங்கிலிருந்து மட்டும் கேலிக் கடிதங்கள். "இன்னும் மூணு உயிர் கையில இருக்கு, எதுக்கு அழுவுறான்?"

எனக்குக் கோபம் வந்தது. அட்டையில் எழுதி ஒட்டியவள் நான், எனக்கா தெரியாது? சனிக்கிழமை வேலை முடிந்ததும் பஸ் ஏறிக் கோப்பெங் போனேன். அங்கிருந்த வீடியோ கேம் கடைக்குள் ஒரு பெண் நுழைந்ததை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அதே பெட்டி, அதே குகை, அதே விளக்கு. எண்ணிப் பார்த்தேன். ஐந்து உயிர்.

ஒரே ஒரு கடையில் ஒரே ஒரு பெட்டியைப் பார்த்துவிட்டு ஒருவனுடைய ஆயுளையே எழுதிவிட்டேன். திங்கட்கிழமை எங்கள் தெருக் கடையின் முதலாளி, சீனத் தவுக்கேயிடம் கேட்டேன். அவர் பெட்டியின் பின்பக்கத்தைத் திறந்து வரிசையாக இருந்த குட்டி சுவிட்சுகளைக் காட்டினார். தள்ளினால் உயிர் கூடும், இழுத்தால் குறையும். எனக்கு வந்த எரிச்சலைப் பார்த்து அவருக்கு ஒரே சிரிப்பு.

"தங்காச்சி, இங்க நான் தவுக்கே, மூணு உயிரு. அங்க வேற தவுக்கே, வேற உயிரு லா."

பச்சைச் சட்டை

இனி எதையும் நாலு கடை பார்க்காமல் எழுதுவதில்லை என்று முடிவெடுத்த பிறகு பாகான் செராயிலிருந்து கடிதம் வந்தது. விளக்குக்காரனின் சட்டை பச்சையாம், நான் மஞ்சள் என்று எழுதிப் பொய் சொல்கிறேனாம். எங்கள் இதழில் படமெல்லாம் கறுப்பு வெள்ளை, காட்டி நிரூபிக்கவும் வழியில்லை. தவுக்கேயிடம் போனேன். அந்த ஊர்ப் பெட்டியில் படம் காட்டும் டியூப் பழசாகிச் சிவப்பு செத்துப்போயிருக்கும், சிவப்பு செத்தால் மஞ்சள் பச்சையாகத் தெரியும் என்றார்.

இதை விளக்கி ஒரு பதில் எழுதி ஆசிரியரிடம் கொடுத்தேன். பாகான் செராய்ப் பையனை முட்டாளாக்காமல், ஆனால் உண்மையை விட்டுக்கொடுக்காமல், இரண்டு மத்தியானம் உட்கார்ந்து எழுதிய பதில். ஆசிரியர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், அச்சுக்குக் கொடுக்கவில்லை.

"ஒரு மாசம் மஞ்ச போடு, ஒரு மாசம் பச்ச போடு. ரெண்டு ஊரும் சந்தோசமா இருக்கட்டும். இதுக்குப் போயி மண்டைய ஒடைக்கிறியே."

வாய் முளைத்த கதை

பதினோராவது அத்தியாயம் அச்சேறியது. அடுத்தது பன்னிரண்டு, என் பெயர் வரும் அத்தியாயம். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், என் பெயருக்கான எழுத்துகளை முன்கூட்டியே பொறுக்கிக் கோர்த்து, நூலால் கட்டி ஓர் ஓரமாக வைத்திருந்தேன். தலைப்புக்குக் கீழே எவ்வளவு இடம் வேண்டும் என்று அளந்தும் பார்த்தேன்.

ஆசிரியர் கூப்பிட்டார். பன்னிரண்டாவதில் விளக்குக்காரன் வாய் திறந்து மாணவர்களுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும், பிறகு குகைக் கொள்ளைக்காரர்களை அடித்து நொறுக்க வேண்டும். தலைமையாசிரியர்கள் விரும்புவார்கள், பள்ளிகளில் மொத்தமாக வாங்குவார்கள். முடியாது என்றேன். அவனுக்கு வாய் கிடையாது, அடிக்கத் தெரியாது, பதுங்கித் தப்பிக்கிறவன், அதனால்தான் பையன்கள் அவனுக்காகப் பயப்படுகிறார்கள் என்றேன். பேசினால் அது வேறு யாரோ என்றேன். அவ்வளவு நேரம் நான் அவர் முன்னால் பேசியதே இல்லை.

அவர் கத்தவில்லை. மறுநாள் அவருடைய அக்கா மகன் எழுதிய பன்னிரண்டாம் அத்தியாயம் என் மேசைக்கு வந்தது. விளக்குக்காரன் முதல் பத்தியிலேயே பேசினான், முடியும்வரை நிறுத்தவில்லை. மேலே அதே "சூறாவளி". அதை நானேதான் அச்சுக் கோர்த்தேன். ஓர் எழுத்துப்பிழைகூட விடவில்லை. கட்டி வைத்த என் பெயரை அவிழ்த்து எழுத்துகளை அதனதன் அறையில் போட்டேன். ஆசிரியர் வந்து மெய்ப்பைப் பார்த்துவிட்டுத் தட்டிக்கொடுத்தார்.

"சூறாவளின்றது பத்திரிகைக்குச் சொந்தமான பேருலா. ஒன்னோடதுன்னு எப்ப சொன்னேன்?"

பஸ் நிலையத்தில்

ஆறேழு மாதம் கழித்து, ஈப்போ பஸ் நிலையத்தில் தோட்டத்துப் பஸ்ஸுக்காகக் காத்திருந்தேன். பக்கத்தில் ஓர் இளைஞன் எங்கள் இதழை விரித்துப் படித்துக்கொண்டிருந்தான். மோட்டார் பட்டறையில் வேலையாம், கோப்பெங்காம். கதை எப்படி என்று கேட்டேன். இப்போது விளக்குக்காரன் ஓயாமல் பேசுகிறான், எல்லோரையும் அடிக்கிறான், முன்பு அப்படி இல்லை என்று சரியாகச் சொன்னான். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஒருவனாவது கண்டுபிடித்தானே.

அந்தச் சந்தோஷத்தில் சொல்லிவிட்டேன். முதல் பதினோரு அத்தியாயமும் நான் எழுதியது, இப்போது எழுதுகிறவன் வேறு ஆள் என்று. ஐந்து உயிர் விஷயத்துக்காகக் கோப்பெங்குக்கு வந்ததையும் சொன்னேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். கையில் மை, தோளில் துணிப்பை, காலில் ஜப்பான் சிலிப்பர் என்கிற ரப்பர்ச் செருப்பு. பஸ் வந்தது. ஏறுவதற்கு முன்னால் இதழை மடித்துக்கொண்டு, பெரிய மனிதர்கள் சின்னவர்களுக்குச் சொல்வதைப்போல் மெதுவாகச் சொன்னான்.

"அக்கா, கோவிச்சிக்காதீங்க. சூறாவளி அண்ணன் எப்படிப்பட்ட ஆளுன்னு எங்களுக்குத் தெரியும். அவரு ஒரு பொம்பளன்னா, அது நம்புற மாதிரியா இருக்கு?"

பெட்டிக்குள் ஓடிய ஒருவனைப் பதினோரு மாதம் பேராக் மாநிலம் முழுக்க நம்பும்படி எழுதிய என்னால், பஸ் நிலையத்தில் ஒரே ஒருத்தனிடம் என்னை நம்பவைக்க முடியவில்லை.